சோப்புக்காரி சொன்ன பதில்

எங்கள் வார்லின் ஊர்த் தேவாலயத்தின் தரைக்கு அடியில் ஒரு கல்லறை மண்டபம் இருக்கிறது. ஃபொன் வார்லின் வம்சத்துப் பிரபுக்கள் அங்கே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட பிரபுக்கள்! ஒருவர் சீட்டாட்டத்தில் பாதிக் காட்டைத் தொலைத்தவர். இன்னொருவர், குதிரைக்குத் தண்ணீர் காட்ட மறந்த வேலைக்காரனைப் பனியில் கட்டிவைத்து, அவன் கால்விரல்கள் அழுகி விழக் காரணமானவர். மூன்றாமவர் குடித்துவிட்டுத் தன் சொந்த மீன்குளத்தில் விழுந்து செத்தார். இருப்பதிலேயே பெரிய ஈயச் சவப்பெட்டி அவருக்குத்தான். இவர்கள் எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது. நாலு வயது டில்டேக்கு மட்டும் இடம் இல்லை.

ஏன் என்று கேட்டால் குலச்சட்டம் என்றார்கள். ஜெர்மனியின் வடகோடியில், எங்கள் பொமரேனியாவில், பெரிய வீட்டுக்காரர்கள் எந்த அநியாயத்தைச் செய்தாலும் அதற்கு ஒரு பழைய சட்டம் பெட்டிக்குள்ளிருந்து வந்துவிடும். அதை எழுதியவனும் அவர்கள் தாத்தாவாகத்தான் இருப்பான்.

டில்டேயின் அம்மா ஆல்மிரா அமெரிக்காவில் பிறந்தவள். சின்சினாட்டி என்ற ஊரில் அவள் அப்பா சோப்புக் காய்ச்சி விற்றார். பன்றிக் கொழுப்பும் சாம்பல் காரமும் நாறுகிற முற்றத்தில்தான் அவள் ஓடி விளையாடி வளர்ந்தாள். வியாபாரம் பெருத்ததும் அப்பா மகளை ஐரோப்பா சுற்றிக் காட்டக் கூட்டி வந்தார். தெற்கே ஒரு வெந்நீர் ஊற்று ஊரில் அவள் போகிஸ்லாவ் ஃபொன் வார்லினைப் பார்த்தாள். பிரான்ஸோடு நடந்த சண்டையில் தொடையில் பட்ட குண்டுக்காயம் ஆற, அவர் அங்கே தினமும் வெந்நீரில் உட்கார்ந்திருந்தார். மென்மையான மனிதர், அழகாகச் சிரிப்பார். யார் எதைச் சொன்னாலும் "ஆமாம்" என்பார். காதலிக்கிற பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்? கல்யாணம் ஆன பிறகுதான், அவர் தன் அம்மாவிடமும் "ஆமாம்" என்றுதான் சொல்லுவார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அவள் வந்து இறங்கிய நாளை வண்டிக்காரர் கிறிஷான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். புது எஜமானி இறங்கினால் குனிந்து பாவாடை ஓரத்தை முத்தமிடுவது எங்கள் வழக்கம். கிறிஷான் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"கை கழண்டு அவகிட்டயே போயிடும்னு நெனச்சேன்" என்பார் கிறிஷான். "அப்படியொரு பிடி. கொழுப்புச் சட்டி கிளறின கையில்ல?"

மாளிகைப் படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் மாமியார் அடெல்குண்டா. அன்று சாப்பாட்டு மேசையில் சூப் வந்ததும் மூக்கைச் சுருக்கினாள்.

"ஃபீக்கே, அந்த ஜன்னலைத் திற. கொழுப்பு வாடை தாங்கல."

ஃபீக்கே மாளிகைச் சமையல்காரி. அவள் ஜன்னலை நோக்கி நடப்பதற்குள் ஆல்மிரா கலகலவென்று சிரித்துவிட்டாள்.

"அடுப்புல வாத்து வேகுது அத்தை. வாடை அதுலேர்ந்துதான் வருது."

"என்னை அத்தைன்னு கூப்பிடாதே. நீ அப்படிக் கூப்பிடணும்னா என் பிள்ளை ஒரு பெண்ணைக் கட்டியிருக்கணும். அவன் சோப்புக்கட்டியை இல்ல கட்டிக்கிட்டு வந்திருக்கான்."

அன்றிலிருந்து கடைசிவரை அந்த வீட்டு மருமகள் மாமியாரை வேலைக்காரர்கள் கூப்பிடுகிற மாதிரி "சீமாட்டி" என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. சோப்புக்காரி என்ற பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டது. மாமியார் அதை வசவாகச் சொன்னாள். ஊர் அதையே எடுத்துச் செல்லமாக்கிக்கொண்டது.

சோப்பு என்றால் மூக்கைப் பிடிப்பார்கள். ஆனால் சோப்புப் பணம் வந்தபோது யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. மாளிகையின் ஒழுகுகிற கூரை அந்தப் பணத்தில்தான் மாறியது. தேவாலயத்துக் கூரையும் மாறியது. கல்லறை மண்டபத்துக்கு ஓக் மரத்தில் புதுக் கதவு போட்டு, செப்புத் தகடு அடித்து, மேலே குலச் சின்னத்தையும் பொறித்தார்கள். ஆல்மிராவுக்கு அதில் வருத்தமே இல்லை. "நம்ம வீடுதானே" என்றாள். பாவம், நிஜமாகவே அப்படி நினைத்தாள்.

டில்டே பிறந்தாள். கேரட் நிறத் தலைமுடி. மாளிகையில் இருந்த நேரத்தைவிடக் குதிரை லாயத்தில் இருந்த நேரம்தான் அதிகம். அம்மாவோடு ஆங்கிலம், அப்பாவோடு ஜெர்மன், எங்களோடு எங்கள் கிராமத்துப் பேச்சு. சமையலறைக்குள் புகுந்து, உருளைக்கிழங்கு உருண்டையை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு ஓடுவாள். ஒரு நாள் விருந்தாளிகள் நடுவில் அடெல்குண்டாவின் முகத்தை உற்றுப் பார்த்து, "பாட்டி, உங்களுக்கு எதுக்கு மீசை?" என்று கேட்டுவிட்டாள். சமையலறையில் ஃபீக்கே சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் குழந்தையைத் தொண்டை அடைப்பான் நோய் கொண்டுபோனது. அந்தக் கார்காலத்தில் ஊரில் பல வீடுகளில் பிள்ளைகள் போனார்கள். ஆல்மிரா ராத்திரி பகல் பாராமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மடியிலேயே மூச்சு நின்றது.

அழுது முடிப்பதற்குள்ளேயே மாமியார் பேச்சை ஆரம்பித்தாள். வார்லின் மண்டபத்துக்குள் போகிற ஒவ்வொரு பெட்டியின் பக்கங்களிலும் முன்னோர்களின் குலச் சின்னம் போட்ட பதினாறு கேடயங்கள் வரையப்பட்டிருக்கும். அப்பா வழிப் பிரபுக்களுக்கு எட்டு, அம்மா வழிப் பிரபுக்களுக்கு எட்டு. பதினாறும் நிறையாத பெட்டி உள்ளே போகாது. இதுதான் அந்தக் குலச்சட்டம்.

"அப்பன் பக்கம் எட்டு இருக்கு. மீதி எட்டுல என்னத்தை வரைய?" என்றாள் அடெல்குண்டா. "பன்னிக் கொழுப்புச் சட்டியையா?"

"ஒண்ணும் வரைய வேண்டாம், சீமாட்டி. வெறுமனே விட்டுடுங்க" என்றாள் ஆல்மிரா. "எனக்காக எதுவும் கேக்கல. குழந்தை அவ. இருட்டுன்னா பயப்படுவா. அவ ஆளுங்க பக்கத்துல படுத்திருக்கட்டும்."

"அவ ஆளுங்க அங்க யாரும் இல்ல."

போகிஸ்லாவ் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அம்மா, சின்னப் பெட்டிதானே, ஒரு மூலையில..." என்று இழுத்தார்.

"போகிஸ்லாவ்!" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

"ஆமாம்மா" என்று அவர் வாயை மூடிக்கொண்டார். சண்டையில் குண்டுக்கு முன்னால் நின்ற மனிதர்! மார்பில் இரும்புப் பதக்கம் வேறு!

டில்டேயை வடக்குச் சுவரோரம் புதைத்தார்கள். அங்கே வெயிலே விழாது. தூக்குப் போட்டுக்கொண்டவர்களும் ஊர் பேர் தெரியாத நாடோடிகளும் கிடக்கிற இடம் அது. கிறிஷான் அந்தச் சின்னப் பெட்டியைத் தனியாளாகத் தோளில் தூக்கிக்கொண்டு மாளிகை வாசலைத் தாண்டி நடந்தார். நிற்கவே இல்லை.

அது ஆல்மிராவுக்கு விசித்திரமாகப் பட்டது. வார்லினில் யார் செத்தாலும், பிரபுவோ பன்றி மேய்ப்பவனோ, பெட்டி வீட்டை விட்டுப் போகும்போது வாசற்படியில் இறக்கி வைப்பார்கள். தூக்குகிறவர்களில் மூத்தவர் செத்தவரின் வாயாக நின்று கேட்பார்: "இந்த வீட்ல நான் யாருக்கு என்ன குறை வச்சேனோ, பொறுத்துக்கோங்க." அந்த வீட்டில் அவரால் அதிகம் பட்டவர், பெரும்பாலும் பெண்டாட்டி, "பொறுத்தேன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்வரை பெட்டியைத் தூக்க மாட்டார்கள். தூக்கினால் அடுத்த சாவு தூக்கியவன் வீட்டில்தான் என்பது ஊரின் நம்பிக்கை. மாவு மில்காரர் செத்தபோது அவர் மனைவி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டில் இருந்தாள். அவள் திரும்பி வந்து வாயைத் திறக்கும்வரை பெட்டி வாசலிலேயே கிடந்தது, கோழிகள் ஏறி உட்கார்ந்தன. மீனவர் ஒருவர் தன் தம்பியோடு ஜென்மப் பகை. தம்பியோ படுத்த படுக்கை. பெட்டியைத் தம்பி வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். பதில் யாரிடம் இருக்கிறதோ அங்கே பெட்டி போகும். அதுதான் முறை.

"டில்டேக்கு மட்டும் ஏன் வாசல்ல நிக்கல?" என்று ஆல்மிரா அன்று ஃபீக்கேயைக் கேட்டாள்.

"குழந்தைகளுக்கு அது கெடையாதும்மா. அது யாருக்கு என்ன குறை வச்சுச்சு, மன்னிப்புக் கேக்க?"

"சரி. அவளுக்கு நாம வச்ச குறைக்கு அவகிட்ட யாரு கேப்பாங்க?"

ஃபீக்கே இடுப்பில் கட்டிய சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இப்படி ஒரு கேள்வியை எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

அந்த வாரமே போகிஸ்லாவ் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அம்மா காலம் முடியட்டும் ஆல்மிரா. அன்னைக்கே நம்ம பொண்ணை உள்ள கொண்டு வந்துடறேன். சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நம்பி அவள் வருடக்கணக்காக வாழ்ந்தாள். இன்னொரு பிள்ளை பிறக்கவில்லை. தினமும் காலையில் வடக்குச் சுவரோரம் போய் உதிர்ந்த சருகைப் பெருக்குவாள். சுவரில் படிந்த பாசியைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பாள். தேய்க்கும்போது பாட்டு ஒன்று முணுமுணுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரபுக்களுக்கான மர இருக்கையில் மாமியாருக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் பணத்தில் போட்ட கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வேறு ஒருத்தியாக இருந்தால் எப்போதோ அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருப்பாள். "போகணும்னா அவளையும் தூக்கிட்டுப் போகணுமே" என்று ஒருமுறை கிறிஷானிடம் சொன்னாள்.

ஒருவழியாக மாமியார் போய்ச் சேர்ந்தாள். பதினாறு கேடயம் பளிச்சிடும் பெட்டியில். அவள் பெட்டி வாசலில் இறங்கியபோது மகன் "பொறுத்தேன்" என்றார். என்னத்தைப் பொறுத்தார், யாருக்காகப் பொறுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. மண்டபத்துக் கதவு திறந்தது. ஆல்மிரா கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கதவு தெறந்திருக்கு போகிஸ்லாவ். சொன்னியே."

"இன்னைக்கா? உல்ரிகே வந்திருக்காளே. இத்தனை பேர் முன்னாடி எப்படி..." என்றார் அவர். உல்ரிகே அவருடைய அக்கா. பெர்லினில் ஒரு ஜெனரலின் மனைவி. அம்மாவின் மூக்கும் வாயும் அப்படியே அவளுக்கு வாய்த்திருந்தன. மண்டபத்துச் சாவியை அன்றே வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாக்காக வந்தது. குளிர்காலத்தில் மண் இறுகிக் கிடக்கிறது. வசந்தத்தில் விதைப்பு வேலை. கோடையில் விருந்தாளிகள். கார்காலத்தில் மழை. ஒருநாள் ஆல்மிரா சூப் பாத்திரத்தை மேசையிலிருந்து தூக்கிச் சுவரில் அடித்தாள். பீட்ரூட் சூப் சுவரெல்லாம் வழிந்தது.

"உன் அக்காகிட்ட சாவியை ஒரு வார்த்தை எழுதிக் கேட்டா வந்துடும். உனக்கு அவகிட்டயும் பயமா? செத்துப்போன அம்மாகிட்டயும் பயமா? உன் பொண்ணுகிட்ட மட்டும்தான் உனக்குப் பயமே இல்ல!"

"ஆமாம்" என்றார் போகிஸ்லாவ், வழிகிற சூப்பைப் பார்த்துக்கொண்டு.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு கையும் காலும் போயின. பேச்சும் போனது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அது எந்தச் சொல் என்று சொல்லவே வேண்டாம். பசிக்கிறதா? ஆமாம். வலிக்கிறதா? ஆமாம். டில்டேயை உள்ளே கொண்டு வரலாமா? ஆமாம். எப்போது? ஆமாம். இப்படி ஒரு மனிதருக்கு ஆல்மிரா சில குளிர்காலங்கள் கரண்டியால் உருளைக்கிழங்குக் கஞ்சி ஊட்டினாள், புரட்டிப் போட்டாள், துடைத்துவிட்டாள். பெர்லினிலிருந்து அக்கா கிறிஸ்துமஸுக்கு ஒரு மிட்டாய் டப்பா அனுப்புவாள். அதோடு சரி.

உருளைக்கிழங்கு அறுவடை முடிகிற சமயத்தில் போகிஸ்லாவ் செத்தார். உல்ரிகே கறுப்புத் துணியும் சாவியுமாக வந்து இறங்கினாள். ஆல்மிராவின் கல்யாணம் சரிசமமான கல்யாணம் இல்லை என்பதால், எஸ்டேட் போகிஸ்லாவுக்குத் தம்பி முறையில் வருகிற ஒரு பையனுக்குப் போகிறது. அவன் ராணுவப் பள்ளியில் படிக்கிறான். அவனுக்காகப் பேசுகிறவள் உல்ரிகே. தோட்டக்காரன் குடிசை காலியாகத்தான் இருக்கிறது, ஆல்மிரா அதில் இருந்துகொள்ளலாம். இதையெல்லாம் காபி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டு, கடைசியில் முக்கியமானதுக்கு வந்தாள்.

"நாளைக்கு நான் பெட்டிக்குப் பின்னால நடப்பேன். நீ வேலைக்காரங்களோட வந்தா போதும்."

"எங்க வேணும்னாலும் நடக்கறேன்" என்றாள் ஆல்மிரா. "கதவு தெறக்கத்தான் போறாங்க. டில்டேயையும் அவர் பக்கத்துல வச்சுடுங்க. அவரே வாக்குக் கொடுத்தாரு. இது ஒண்ணுதான் உங்ககிட்ட நான் கேக்கறது."

"அந்தப் பேச்சு எங்கம்மாவோட முடிஞ்சுபோச்சு."

"உங்க அம்மாவோட முடியும்னுதான் அவரும் சொன்னாரு!"

"பாரு, ஆல்மிரா. நீ கெட்டவ இல்ல. ஆனா உனக்குப் புரியாது. இதெல்லாம் ரத்தத்துல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, உல்ரிகே புகையூட்டிய வாத்துக் கறித் துண்டு ஒன்றை எடுத்துக் கருப்பு ரொட்டியின் மேல் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தூறிக்கொண்டிருந்தது. முற்றம் முழுக்க வண்டிகள். சுற்று வட்டாரத்துப் பிரபுக்களும் சீமாட்டிகளும் கறுப்பு உடையில் நின்றார்கள். எங்கள் ஊர் மொத்தமும் வேலியோரம் நின்றது. கிறிஷானும் மற்ற ஆட்களும் பெட்டியைத் தூக்கி வந்து வாசற்படியில் இறக்கினார்கள். கிறிஷானுக்கு இப்போது வயதாகிவிட்டது, தூக்குகிறவர்களில் அவர்தான் மூத்தவர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"இந்த வீட்ல நான் யாருக்கு என்ன குறை வச்சேனோ, பொறுத்துக்கோங்க."

"பொறுத்தோம்" என்றாள் உல்ரிகே. கணீரென்று சொன்னாள்.

யாரும் அசையவில்லை.

"தூக்குங்க!"

"நீங்க சொன்னா ஆகாதுங்க, சீமாட்டி" என்றார் கிறிஷான். "அம்மா சொல்லணும்."

"குலச்சட்டப்படி அவ இந்த வீட்டுப் பெண்டாட்டியே இல்ல."

"எங்களுக்குக் குலச்சட்டம் தெரியாதுங்க. இத்தனை நாளா எஜமானுக்குப் பின்னாடி கழுவி விட்டது யாருன்னு தெரியும். நீங்களா இருந்தா சொல்லுங்க, இப்பவே தூக்கிடறோம்."

வேலியோரம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு பிரபு இருமினார். உல்ரிகேயின் முகம் சிவந்தது. ஆனால் சம்பிரதாயம் என்று உயிரை விடுகிற குடும்பம் அது. அத்தனை பிரபுக்கள் பார்க்க, வாசற்படிச் சம்பிரதாயத்தை உடைத்தவள் என்ற பெயரை அவள் எடுத்துக்கொள்வாளா? பல்லைக் கடித்துக்கொண்டு, வேலைக்காரர்களுக்கு நடுவில் நின்ற ஆல்மிராவைப் பார்த்துக் கையசைத்தாள்.

"வந்து சொல்லித் தொலை."

ஆல்மிரா முன்னால் வந்தாள். அவள் அழவில்லை. கிறிஷான் மறுபடியும் கேட்டார். அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்து எட்டுக் கேடயங்கள், இந்தப் பக்கத்து எட்டுக் கேடயங்கள். சாயம் இன்னும் சரியாகக் காயவில்லை. உல்ரிகே பெர்லினிலிருந்து ஓவியனைக் கூட்டி வந்து வரைய வைத்திருந்தாள். பொறுத்தேன் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் இவர் போய்விடுவார். கதவு மூடிவிடும். சாவி பெர்லினுக்குப் போய்விடும். அதன் பிறகு இந்த ஜென்மத்தில் யாரிடம் போய்க் கேட்பது?

"சொல்லும்மா" என்றார் கிறிஷான் மெதுவாக.

"என்னால சொல்ல முடியாது" என்றாள் ஆல்மிரா.

முற்றம் பூராவும் சளசளவென்று பேச்சு எழுந்தது. உல்ரிகே பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்தாள். "என்ன நாடகம் இது? சரி! அந்தக் குழந்தைதானே? எடுத்து வச்சுக்க! ராத்திரி யாருக்கும் தெரியாம எடுத்து ஒரு மூலையில வச்சுக்க! இப்ப சொல்லு!"

இத்தனை வருடம் அவள் கேட்டது அதுதான். அழுது கேட்டாள், கெஞ்சிக் கேட்டாள், சூப் பாத்திரத்தை உடைத்துக் கேட்டாள். இப்போது அது கிடைக்கிறது. ராத்திரியில், யாருக்கும் தெரியாமல், திருட்டுப் பொருளை ஒளித்து வைக்கிற மாதிரி. ஆல்மிராவுக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. உல்ரிகேயின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். கிறிஷானின் கையைப் பிடித்துக் குலுக்கிய அதே பிடி.

"என் பொண்ணு அங்க வரமாட்டா" என்றாள். "சூதாடிக்கும் குடிகாரனுக்கும் நடுவுல, ஒரு மூலையில, திருட்டுத்தனமா? வரவே மாட்டா. அவளை வெரட்டினவங்க பக்கத்துல அவளுக்கு என்ன வேலை?"

பிறகு கிறிஷான் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வச்ச குறையை நான் அவர்கிட்டயே பேசிக்குவேன், அது புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம். ஆனா இவரு வாக்குக் கொடுத்து ஏமாத்தினது என்னை இல்ல, அவளை. அவளுக்குப் பதிலா நான் எப்படிப் பொறுத்தேன்னு சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க கிறிஷான். உங்க ஊர் முறையில பதில் சொல்ல வேண்டியவங்க வர முடியலன்னா என்ன பண்ணுவீங்க?"

கிறிஷான் தொப்பியை இரண்டு கையாலும் திருகிக்கொண்டு யோசித்தார். மற்ற ஆட்களைப் பார்த்தார். மீனவரின் பெட்டியைத் தம்பி கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களில் இரண்டு பேர் அங்கேயே நின்றார்கள்.

"பெட்டி அவங்ககிட்ட போகணும்மா" என்றார்.

"அப்போ தூக்குங்க."

தூக்கினார்கள். தேவாலயத்து முற்றத்தில் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், வலதுபுறம் மண்டபத்துக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே மெழுகுவர்த்திகள் எரிந்தன. பாதிரியார் ட்ரேவெஸ் ஜெபப் புத்தகத்தோடு வாசலில் தயாராக நின்றார். பெட்டி அவரைக் கடந்து இடதுபுறம் திரும்பிப் போவதை அவர் வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

வடக்குச் சுவரோரம், பாசி இல்லாத அந்தத் துண்டுச் சுவருக்குக் கீழே, சின்ன மேட்டுக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கினார்கள். கிறிஷான் தொப்பியைக் கழற்றினார். முழங்காலை மடக்கி மெல்லக் குனிந்து உட்கார்ந்தார். குழந்தையிடம் பேசுகிறவர் எப்படி உட்காருவாரோ அப்படி.

"டில்டே கண்ணு, அப்பா வந்திருக்காரு. உனக்கு என்ன குறை வச்சாரோ, பொறுத்துக்கோ."

மழை பெய்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. உல்ரிகே சேற்றில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"கேட்டாச்சில்ல? இப்ப தூக்கி மண்டபத்துக்குக் கொண்டு போங்க!"

"பதில் வரலீங்களே, சீமாட்டி."

"செத்துப்போன குழந்தை எப்படிடா பதில் சொல்லும்?"

"அதத்தாங்க நாங்களும் யோசிக்கறோம்" என்றார் கிறிஷான். "பதில் வராம தூக்கக் கூடாது. நீங்க வேணா தூக்கிப் பாருங்க. நாங்க தடுக்கல."

உல்ரிகே பெட்டியைப் பார்த்தாள். கையை நீட்டக்கூட இல்லை. வழக்கத்தை நம்புகிறவர்கள் நாங்கள் மட்டும் இல்லை, அவளும் அந்த ஊரில் பிறந்தவள்தானே. "பாதிரியாரே, நீங்க சும்மா நிக்கறீங்களே!" என்று கத்தினாள். "ஒரு வார்லின் பிரபு, பிச்சைக்காரங்க நடுவுல!"

பாதிரியாருக்கு வாழ்நாளில் அந்தக் குடும்பத்தை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அன்றும் எதிர்த்துப் பேசவில்லை. "இதுவும் ஆசீர்வதிச்ச மண்ணுதான், சீமாட்டி" என்று மட்டும் முனகிவிட்டுப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைத் தேடினார். அதற்குள் யாரோ மண்வெட்டி கொண்டு வந்துவிட்டார்கள்.

குழி தோண்டி முடியும்வரை பிரபுக்களில் ஒருவரும் நிற்கவில்லை. குளிருக்கு இதமாகச் சூடாக எதையாவது சாப்பிடலாம் என்று மாளிகைக்குப் போனார்கள். அங்கே அடுப்பு அணைந்து கிடந்தது. ஃபீக்கேயும் வடக்குச் சுவரோரம்தான் நின்றுகொண்டிருந்தாள்.

உல்ரிகே விட்டுவிடவில்லை. பெரிய அலுவலகங்களுக்கெல்லாம் அலைந்து, பெட்டியை மாற்ற உத்தரவு வாங்கினாள். வார்லினில் மண்வெட்டி தொட ஆள் கிடைக்கவில்லை. டவுனிலிருந்து கூலிக்கு ஆட்களை அனுப்பினாள். அவர்கள் வந்து எங்கள் சாராயக் கடையில் உட்கார்ந்தார்கள், கதையைக் கேட்டார்கள், குடித்துவிட்டு மறுநாள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மண்டபம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. சோப்புப் பணத்தில் போட்ட கதவு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆல்மிரா தோட்டக்காரன் குடிசையில் கடைசிவரை இருந்தாள். கொழுப்புச் சட்டி வைத்துச் சோப்புக் காய்ச்சினாள். தினமும் காலையில் சுவரைத் தேய்க்கப் போவாள். அங்கே பாட்டு முணுமுணுப்பதோடு அவள் நிறுத்தவில்லை. ஆங்கிலத்தில் யாரையோ நன்றாகத் திட்டுகிற சத்தமும் கேட்கும். திட்டு முடிந்ததும் இரண்டு மேட்டின் சருகையும் சேர்த்தே பெருக்கிவிட்டு வருவாள்.

அவளும் செத்தபோது மூன்றாவது மேடு அங்கேயே வந்தது. கிறிஷான் அப்போது இல்லை. அவர் இடத்தில் நின்றவர் குடிசை வாசலில் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பதில் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லையே என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஃபீக்கேக்குத்தான் பொறுக்கவில்லை.

"இவ யாருக்குடா என்ன குறை வச்சா, மன்னிப்புக் கேக்க?" என்று அடித்தொண்டையில் கத்தினாள். "குழந்தையைத் தூக்கற மாதிரி நிக்காம தூக்கிட்டுப் போங்கடா!"

நிற்காமல்தான் தூக்கிக்கொண்டு போனோம். போகிஸ்லாவின் பெட்டி மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. குழந்தை இன்னும் பதில் சொல்லவில்லை.